678 இன்னிங்ஸ் வீசிய ஒரு கை: பிட்சருக்குப் பந்துக் கட்டுப்பாடு தேவையா? ராட்போர்னின் வாழ்க்கை சொல்வது என்ன?

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பிட்சர் 100 பந்துகளை நெருங்கிவிட்டால் போதும், பயிற்சியாளரின் கை தொலைபேசிக்குப் போய்விடும். அடுத்த பிட்சர் தயாராகிவிடுவார். நன்றாக வீசிக்கொண்டிருந்தாலும் சரி, சாதனையின் விளிம்பில் நின்றாலும் சரி, வெளியே வர வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா 7 இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடவில்லை. வீசியிருந்தது வெறும் 80 பந்து. அப்போதும் அவர் வெளியே எடுக்கப்பட்டார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

இப்படி ஒவ்வொரு முறை சண்டை வரும்போதும் ஒரு பழைய பெயர் எடுத்துவிடப்படும்: சார்லஸ் ராட்போர்ன். ஒரே சீசனில் 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73-ஐயும் தானே முடித்தவர். அந்தக் காலத்து ஆள் கை கழன்றா விழுந்தார், இப்போதைய பசங்களுக்கு மட்டும் என்ன கேடு என்பது வாதம்.

கை கழன்று விழவில்லைதான். ஆனால் அந்தக் கைக்கு உண்மையில் என்ன ஆனது? அவர் ஏன் அப்படி வீசினார்? அதற்கு என்ன கூலி கேட்டார்? இதைத் தெரிந்துகொண்டால், பந்துக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியே கொஞ்சம் மாறிவிடும்.

முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கலாம்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஓர் அணிக்கு 3 அவுட். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுபவர்தான் ஸ்டார்ட்டர். நம் ஊர் கிரிக்கெட் மாதிரி இங்கே ஓவர் முடிந்ததும் ஆள் மாறுவதில்லை. வெளியே எடுக்கும் வரை ஒரே ஆள்தான் தொடர்ந்து வீச வேண்டும். வெளியே போனால் அந்த ஆட்டத்தில் திரும்பி வரவும் முடியாது.

டி20-ல் ஒரு பவுலருக்கு 4 ஓவர், அதாவது 24 பந்து என்று விதியே இருக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி ஒரு விதி இல்லை. 100 பந்து என்பது அணிகள் தாங்களாகப் போட்டுக்கொண்ட கோடு. அந்தக் கோடு சரியா, தவறா என்பதில்தான் சண்டை.

கசாப்புக் கடைக்காரரின் மகன்

ராட்போர்ன் 1854 டிசம்பர் 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் பிறந்தார். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில். அப்பா கசாப்புக் கடைக்காரர். மகனும் அந்தத் தொழிலைப் பழகினார், ரயிலில் பிரேக் போடும் வேலையும் பார்த்தார்.

1880-ல் பஃபலோ அணியில் இடம் கிடைத்தது. ஆனால் பிட்சராக அல்ல. ஆடியது 6 ஆட்டம். அதற்குள் கை வலி வந்துவிட்டது, அணியும் கைவிட்டுவிட்டது. கவனியுங்கள்: பேஸ்பால் வரலாற்றிலேயே இரும்புக் கை என்று பேசப்படும் மனிதரின் தொழில் வாழ்க்கை தொடங்கியதே கை வலியில்தான்.

அடுத்த ஆண்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஏற்கெனவே ஜான் மாண்ட்காமரி வார்டு என்ற பெரிய பிட்சர் இருந்தார். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு இரண்டு பிட்சர் இருந்தாலே அதிகம். 1882 ஆகஸ்ட் 17 அன்று டெட்ராய்ட் அணியுடன் நடந்த ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை போனது. 18 இன்னிங்ஸையும் வார்டு ஒருவரே வீசினார். அன்று ஃபீல்டராக ஆடிய ராட்போர்ன், கடைசியில் ஒரு ஹோம் ரன் அடித்து 1-0 என்று முடித்துவைத்தார்.

வார்டு வேறு அணிக்குப் போன பிறகு 1883-ல் பாரம் முழுக்க ராட்போர்ன் தோளில் விழுந்தது. அந்த ஆண்டு 632 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 48 வெற்றி. ஆளுக்கு 'ஓல்டு ஹாஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சுமை ஏற்றினாலும் இழுக்கும் பழைய குதிரை என்று பொருள்.

1884 ஜூலை: அணி உடைந்த வாரம்

1884-ல் பிராவிடன்ஸுக்குப் புது நட்சத்திரம் கிடைத்தார். பெயர் சார்லி ஸ்வீனி, வயது 21. ஜூன் 7 அன்று பாஸ்டன் அணியின் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒரே ஆட்டத்தில் 19 என்பது அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக யாரும் 9 இன்னிங்ஸில் தாண்டாத எண்ணிக்கை.

29 வயது ராட்போர்னுக்கு இது கசந்தது. இருவருக்கும் ஆகவில்லை. ஜூலை நடுவில் ஓர் ஆட்டத்தில் ராட்போர்ன் பொறுமை இழந்து தாறுமாறாக வீச, வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றம்சாட்டி நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது.

இருந்த ஒரே துருப்புச் சீட்டு ஸ்வீனி. ஜூலை 22 அன்று அவரும் குடித்துவிட்டு வந்தார். அணி முன்னிலையில் இருந்தபோது, வேறு ஆள் வீசட்டும், நீ ஃபீல்டிங் போ என்று மேலாளர் ஃபிராங்க் பான்கிராஃப்ட் சொன்னதும், ஸ்வீனி மைதானத்தை விட்டே போய்விட்டார். காயம் பட்டால் தவிர மாற்று ஆளை இறக்க அன்றைய விதி இடம் தரவில்லை. 8 பேருடன் ஆடி அணி தோற்றது. ஸ்வீனி நீக்கப்பட்டார்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பிட்சரும் இல்லை. அணியையே கலைத்துவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

ராட்போர்ன் போட்ட ஒப்பந்தம்

இந்த இடத்தில்தான் ராட்போர்ன் பேரம் பேசினார். மீதி சீசன் முழுவதும் நானே வீசுகிறேன் என்றார். பதிலுக்கு அவர் கேட்டது இரண்டு. ஒன்று, சம்பள உயர்வு. இரண்டாவது, அதைவிட முக்கியமானது: சீசன் முடிந்ததும் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகும் சுதந்திரம்.

அது ஏன் பெரிய விஷயம்? அப்போது 'ரிசர்வ்' என்றொரு ஏற்பாடு இருந்தது. 1879-ல் அணி முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. ஓர் அணி தன் வீரரை அடுத்த ஆண்டுக்கும் தனக்கே என்று ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். மற்ற அணிகள் அவரைத் தொடக்கூடாது. வீரர் பிடிக்கிறதோ இல்லையோ அங்கேயே ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட வேண்டும். இந்த ஏற்பாடு உடைவதற்கு 1975 டிசம்பர் வரை ஆனது.

அதாவது, தன் கைக்கு ஆபத்து என்று தெரிந்தே, அதற்கு ஈடாகத் தன் கையைத் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமையைக் கேட்டார் ராட்போர்ன். வேறு வழியில்லாத நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

தலை சீவ முடியாத கை

ஜூலை 23 முதல் கோப்பை உறுதியான செப்டம்பர் 24 வரை பிராவிடன்ஸ் ஆடியது 43 ஆட்டம். அதில் 40-ஐத் தொடங்கியவர் ராட்போர்ன். 36-ல் வெற்றி. இடையில் தொடர்ச்சியாக 18 வெற்றிகள்.

ஆனால் அந்த 64 நாட்களும் எப்படிப் போயின? காலையில் தலை சீவக்கூட வலது கையைத் தூக்க முடியவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்லப்பட்டு வருகிறது. ஆட்ட நாட்களில் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவார். முதலில் சில அடி தூரத்துக்கு மட்டும் மெதுவாக எறிவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவார். கை சூடேறி, மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து எறியும் அளவுக்கு வந்த பிறகுதான் ஆட்டத்துக்குத் தயாராவார். மறுநாள் காலை மறுபடி அதே வலி, அதே வேலை.

சீசன் முடிந்தபோது கணக்கு இது:

• வெற்றி 59 (பழைய கணக்கில் 60), தோல்வி 12
• வீசியது 678 இன்னிங்ஸுக்கு மேல்
• ஸ்ட்ரைக் அவுட் 441
• 9 இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி ரன் 1.38

ஒப்பிட்டுப் பாருங்கள்: 2024-ல் மேஜர் லீக் முழுவதிலும் 200 இன்னிங்ஸைத் தொட்டவர்கள் நான்கே பேர். 30 அணிகளும் சேர்ந்து, ஒரே பிட்சர் முழுவதும் வீசி முடித்த ஆட்டங்கள் 28.

அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியுடன் சாம்பியன்களுக்கான தொடர் நடந்தது. மூன்று நாளில் மூன்று ஆட்டம். மூன்றையும் வீசியவர் அவரே. மூன்றிலும் வெற்றி.

அதுக்குப் பிறகு என்ன ஆச்சு?

சுதந்திரம் கையில் இருந்தும் ராட்போர்ன் பிராவிடன்ஸிலேயே கூடுதல் சம்பளத்துக்குத் தங்கினார். ஆனால் பழைய கை திரும்பவில்லை. 441 ஆக இருந்த ஸ்ட்ரைக் அவுட், 1885-ல் 154-க்கு விழுந்தது. வெற்றி 28, தோல்வி 21. அந்த ஆண்டோடு பிராவிடன்ஸ் அணியும் மூடப்பட்டது.

பிறகு பாஸ்டனுக்குப் போனார். 1886-ல் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அந்த ஆண்டு எடுத்த அணிப் புகைப்படம் ஒன்றில் கேமராவுக்கு நடுவிரலைக் காட்டி நிற்பவர் இவர்தான். நடுவிரல் காட்டிப் புகைப்படத்தில் பதிவான முதல் ஆள் என்ற வேடிக்கையான புகழும் இவருக்கு உண்டு.

1890-ல் வீரர்களே சேர்ந்து முதலாளிகளுக்கு எதிராகத் தனி லீக் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர், பிராவிடன்ஸில் கூட ஆடிய அதே வார்டு. ரிசர்வ் ஏற்பாட்டின் மீதான கோபம்தான் முக்கியக் காரணம். ஆறு வருடம் முன்பு தனி ஆளாகப் பேரம் பேசிய ராட்போர்ன், இப்போது அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தார். அவருடைய பாஸ்டன் அணி அந்த லீகின் சாம்பியன் ஆனது, அவருக்கு 27 வெற்றி. லீக் ஒரே ஆண்டில் மூடப்பட்டது. 1891-ல் சின்சினாட்டியில் கடைசியாக வீசிவிட்டு, 309 வெற்றிகளோடு விடைபெற்றார்.

ஊர் திரும்பி புளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். 1894-ல் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு ஒரு கண் போனது. உடல்நலம் குலைந்து 1897 பிப்ரவரி 5 அன்று இறந்தார். வயது 42. 1939-ல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர்ந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவர் சீக்கிரம் இறந்ததற்கும் பந்து வீசியதற்கும் சம்பந்தமில்லை. 1884-க்குப் பிறகும் ஏழு சீசன் வீசினார் என்பதும் உண்மை. அப்படியென்றால், கட்டுப்பாடு வேண்டாம் என்பவர்கள் சொல்வது சரிதானா?

பேசப்படாத இன்னொரு பிட்சர்

இங்கே ஸ்வீனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராவிடன்ஸ் துரத்திய பிறகு அவர் செயின்ட் லூயிஸில் போட்டி லீக் ஒன்றில் சேர்ந்தார். 1884-ல் இரண்டு அணிகளுக்குமாக 492 இன்னிங்ஸ், 41 வெற்றி. ராட்போர்னைவிடக் குறைவான சுமைதான். ஆனால் அடுத்த ஆண்டு 11 வெற்றி, 21 தோல்வி. 1887-ல் ஒரு வெற்றிகூட இல்லை. 24 வயதில் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. குடியும் கோபமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 19 பேரை வீழ்த்திய அந்தக் கை மூன்றே ஆண்டில் காணாமல் போனது.

அதே ஊர், அதே சீசன், அதே அணி. தாங்கிய கை ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. தாங்காத கையை யாரும் விவாதத்துக்கு அழைப்பதில்லை. தப்பித்தவரை மட்டும் வைத்து, எல்லோரும் தப்பிக்கலாம் என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான்.

அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றா?

இல்லை. மூன்று வித்தியாசங்கள்:

1. தூரம். அன்று பிட்சர் நின்றது 50 அடியில். 1893-ல்தான் இன்றைய 60 அடி 6 அங்குலம் வந்தது.

2. வீசும் முறை. தோளுக்கு மேலிருந்து வீச 1884-ல்தான் அவருடைய லீக் அனுமதித்தது. ராட்போர்ன் பெரும்பாலும் பழைய பாணியிலேயே, கையைத் தாழ்த்தி வீசினார்.

3. வேகம். அன்று வலிமையைச் சேமித்து, தேவையான இடத்தில் மட்டும் முழு வேகம் காட்ட முடிந்தது. இன்று ஒவ்வொரு பந்தும் முழு பலத்தோடு. மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-ல் மணிக்குச் சுமார் 147 கி.மீ. 2024-ல் 151 கி.மீ.-ஐத் தாண்டிவிட்டது.

முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறிய தசைநார் இருக்கிறது. முழு வேகத்தில் வீசும்போது அது தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே இழுபடுகிறது. சுற்றியுள்ள தசைகள் அந்தச் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் பாரம் தசைநார் மேல் இறங்கும். அது கிழிந்தால் 1974 வரை பிட்சரின் கதை முடிந்தது. அந்த ஆண்டு டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடலின் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்து முழங்கையில் வைத்தார். ஜான் 1989 வரை வீசினார். அந்த அறுவை சிகிச்சைக்கு இன்று அவர் பெயர்தான்.

சரி, கட்டுப்பாடு வேலை செய்கிறதா?

இங்கே விடை சுலபமில்லை. வீசும் பந்துகள் குறைந்துவிட்டன, ஆனால் காயங்கள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. வேகமும் பந்தின் சுழற்சியும்தான் பெரிய காரணம் என்று மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது. சீக்கிரம் வெளியே வந்துவிடுவோம் என்று தெரிந்தால், பிட்சர் சேமிக்காமல் முதல் பந்திலிருந்தே முழு பலத்தைக் காட்டுகிறார். ஆக, பந்துக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

வாஷிங்டன் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் நல்ல உதாரணம். 2010-ல் முழங்கை அறுவை சிகிச்சை. 2012-ல் 159 இன்னிங்ஸுக்குப் பிறகு, நாக் அவுட் சுற்று நெருங்கும் நேரத்தில், அணியே அவரை உட்காரவைத்தது. அணி முதல் தொடரிலேயே வெளியேறியது, ஊரே திட்டியது. 2019-ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார், 24.5 கோடி டாலருக்கு 7 ஆண்டு ஒப்பந்தமும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவரால் வீச முடிந்தது 8 ஆட்டம் மட்டுமே. கட்டுப்பாடு அவருக்கு ஏழு ஆண்டு வாங்கித் தந்ததா, அல்லது எதையுமே தடுக்கவில்லையா? இரண்டு பக்கமும் வாதாடலாம். ஒன்று மட்டும் உறுதி: கை போனபோது ஒப்பந்தம் அவர் பக்கம் நின்றது.

யாருடைய கை, யாருடைய முடிவு?

ராட்போர்ன் கதையின் மையமும் இதுதான். அவர் ஏமாந்துபோய் 40 ஆட்டம் வீசவில்லை. என்ன கொடுக்கிறோம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து கையெழுத்து போட்ட 29 வயது ஆள் அவர். இன்றைய தொழில்முறை வீரர்களுக்கும் சங்கம் இருக்கிறது, ஏஜென்ட் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். அவர்கள் விஷயத்தில் அணியும் வீரரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். எல்லோருக்கும் 100 என்று ஒரே எண்ணை வைத்துப் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

பேரம் பேச முடியாதவர்கள் கதை வேறு. 2018-ல் ஜப்பானின் கோஷியன் பள்ளித் தொடரில் யோஷிதா கோசெய் என்ற மாணவர் 881 பந்து வீசினார். நாடே கைதட்டியது. கூடவே, ஒரு பள்ளி மாணவனை இப்படி வீசவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 2020-ல் ஒரு வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு வந்தது. அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007-லேயே பந்துக் கணக்குக்கு மாறிவிட்டது. 11, 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான். பயிற்சியாளர் போதும் என்று சொல்லாவிட்டால், அந்த வயதில் எந்தப் பிள்ளையும் தானாகப் பந்தைக் கீழே வைக்காது. அங்கே கறாரான விதி தேவை. அதில் சமரசம் கூடாது.

அடுத்த முறை யாராவது 678 இன்னிங்ஸ் கணக்கை எடுத்துவிட்டால், அந்த எண்ணோடு சேர்த்து அவர் போட்ட ஒப்பந்தத்தையும் சொல்லுங்கள். கூலி இல்லாமல் அந்தக் கையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.